இத்தனை ஃபில்டர் இருந்தும் ஸ்பேம் மெயில் இன்பாக்ஸுக்கு வருவது எப்படி?

'10 லட்சம் ரூபாய் லோன் ரெடி', 'இன்று நள்ளிரவு வரை மட்டுமே தள்ளுபடி', 'உங்கள் அக்கவுன்ட் முடக்கப்படும்'... இன்பாக்ஸைத் திறந்தாலே இப்படி வரிசைகட்டி நிற்கின்றன மெயில்கள். இவற்றுக்கு நடுவில்தான் இன்டர்வியூ அழைப்பும் ஆபீஸ் மெயிலும் சிக்கிக் கிடக்கின்றன. 'நம்ம மெயில் ஐடியை இவங்களுக்கு யாரு கொடுத்தது?' என்பதுதான் பலரின் எரிச்சல். பதில் கொஞ்சம் சங்கடமானது. பல நேரங்களில் கொடுத்தது நீங்களேதான்.

பூட்டு இல்லாத கதவு

உலகின் முதல் ஸ்பேம் மெயில் 1978 மே மாதம் அனுப்பப்பட்டது. அமெரிக்காவின் டிஇசி கம்ப்யூட்டர் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க், இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். திட்டு விழுந்தது. விற்பனையும் நடந்தது.

இன்றைய மெயில் போக்குவரத்துக்கு அடிப்படையான எஸ்எம்டிபி என்ற விதிமுறை 1982-ல் உருவானது. அப்போது நெட்வொர்க்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள். ஒருவரை ஒருவர் நம்பினார்கள். அதனால், 'அனுப்புநர்' என்ற இடத்தில் இருக்கும் முகவரி உண்மையா என்று சரிபார்க்கும் வசதியே அதில் வைக்கப்படவில்லை. கடித உறையின் பின்னால் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா, அதே கதைதான். முகவரி தெரிந்தால் போதும், முன் அனுமதி இல்லாமல் யாரும் உங்களுக்கு மெயில் அனுப்பலாம். மெயிலின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான்.

மெயில் ஐடி எப்படிக் கிடைக்கிறது?

முதல் வழி, நீங்கள் நிரப்பும் படிவங்கள். மாலில் குலுக்கல் கூப்பன், இலவச வைஃபை, வேலைவாய்ப்புத் தளம், ஒரே ஒரு முறை பயன்படுத்திய ஆப் என்று எல்லா இடத்திலும் மெயில் ஐடி கேட்கிறார்கள். கீழே பொடி எழுத்தில், 'எங்கள் பார்ட்னர் நிறுவனங்களின் தகவல்களைப் பெறச் சம்மதிக்கிறேன்' என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போடப்பட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை.

இரண்டாவது, டேட்டா லீக். லிங்க்ட்இன் தளத்தில் 2012-ல் திருடப்பட்ட தகவல்கள் 2016-ல் விற்பனைக்கு வந்தன. அதில் 11 கோடிக்கும் அதிகமான மெயில் ஐடிகள் இருந்தன. ஒருமுறை வெளியே போன பட்டியல் கைமாறிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, இணையப் பக்கங்களில் வெளிப்படையாக இருக்கும் முகவரிகளைத் தானாகப் பொறுக்கி எடுக்கும் புரோகிராம்கள். நான்காவது, வெறும் யூகம். பெயரோடு எண்களை மாற்றி மாற்றிச் சேர்த்து அனுப்பிப் பார்ப்பார்கள். திரும்பி வராத மெயில், முகவரி உயிரோடு இருப்பதற்கான அடையாளம்.

அனுப்பி என்ன லாபம்?

கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் ஒரு ஸ்பேம் வலையமைப்புக்குள் ஊடுருவி இதைக் கணக்கிட்டார்கள். 26 நாட்களில் போன மருந்து விளம்பர மெயில்கள் சுமார் 35 கோடி. வாங்கும் கட்டம் வரை வந்தவர்கள் 28 பேர். சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால், வைரஸ் புகுந்த அடுத்தவர் கம்ப்யூட்டர்களிலிருந்து அனுப்பும்போது கோடி மெயிலுக்கும் செலவு சொற்பம்தான். அதனால் ஒரு சில பேர் சிக்கினாலே தொழில் ஓடும்.

அப்போ ஃபில்டர் என்னதான் செய்கிறது?

நிறையவே செய்கிறது. ஸ்பேம் மெயில்களில் 99.9 சதவீதத்துக்கும் மேல் தடுப்பதாக ஜிமெயில் சொல்கிறது. அனுப்பும் சர்வரின் பழைய நடத்தை, மெயிலில் உள்ள லிங்க், வாசகங்கள், 'இது ஸ்பேம்' என்று மற்றவர்கள் கொடுத்த புகார்கள் ஆகியவற்றை வைத்து அது முடிவெடுக்கிறது. அந்த டொமைன் பெயரில் அனுப்ப அந்த சர்வருக்கு அனுமதி உண்டா என்பதை எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று சோதனைகள் பார்க்கின்றன. ஆனால் இவை அனுப்பியது யார் என்பதை மட்டுமே சொல்லும், அவர் நல்லவரா என்பதைச் சொல்லாது. மோசடிக்காரர் புதிதாக ஒரு டொமைன் வாங்கினால் மூன்றிலும் பாஸ் ஆகிவிடலாம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஃபில்டரை ரொம்ப இறுக்கினால் நல்ல மெயிலும் மாட்டிக்கொள்ளும். ஒரு தள்ளுபடி மெயில் உள்ளே வந்தால் எரிச்சல், அவ்வளவுதான். வேலைக்கான அழைப்பு ஸ்பேம் ஃபோல்டருக்குப் போனால்? ஜிமெயிலில் அது 30 நாளில் தானாக அழிந்துவிடும். அதனால்தான் சந்தேகத்துக்கு இடமான சில மெயில்களை ஃபில்டர் உள்ளே விடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தொல்லை தரும் விளம்பர அழைப்பு, எஸ்எம்எஸ் இரண்டுக்கும் டிராய் விதிகள் உண்டு. 1909-க்குச் சொல்லி நிறுத்தலாம். மெயிலுக்கு அப்படி எதுவும் இல்லை. தொல்லை தரும் மெயில்களைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தப் பிரிவு ஃபேஸ்புக் பதிவுக்காகக் கைது செய்யவே பயன்பட்டதால் தீர்ப்பு நியாயமானது. ஆனால் ஸ்பேமுக்கென்று தனிச் சட்டம் அதன் பிறகும் வரவில்லை. மோசடி நடந்தால் வழக்கு உண்டு, தொல்லைக்கு இல்லை.

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. சம்மதத்தைக் கொடுத்த அதே சுலபத்தில் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். முன்கூட்டியே டிக் போட்ட கட்டங்களுக்கும், எட்டு முறை கிளிக் செய்தாலும் முடியாத அன்சப்ஸ்கிரைப் பக்கங்களுக்கும் இது முடிவு கட்ட வேண்டும். கண்டிப்பு காட்டினால் மாற்றம் வரும் என்பதற்கு உதாரணமும் உண்டு. ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்கள் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024-ல் விதி கொண்டுவந்தன. ஒரு கம்பெனி தன் சேவைக்காகச் செய்ததை அரசு மக்களுக்காகச் செய்ய முடியாதா?

நீங்கள் என்ன செய்யலாம்?

• தெரிந்த நிறுவனத்தின் மெயிலா? அன்சப்ஸ்கிரைப் செய்யுங்கள். தெரியாத இடமா? எந்த லிங்க்கையும் தொடாமல் 'ரிப்போர்ட் ஸ்பேம்' கொடுங்கள்.

• பேங்க், வேலை, அரசு சேவைகளுக்கு ஒரு ஐடி, ஷாப்பிங், கூப்பனுக்கு வேறு ஐடி.

• மெயிலில் படங்கள் தானாகத் திறப்பதை செட்டிங்ஸில் நிறுத்துங்கள். நீங்கள் மெயிலைத் திறந்ததை அனுப்பியவருக்குச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தப் படங்கள்தான்.

• வாரம் ஒருமுறை ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கள். வேலை தேடுபவர்கள் தினமும் பார்ப்பது நல்லது.

• மோசடி மெயிலால் பணம் போனால், தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

இதெல்லாம் தொல்லையைக் குறைக்கும், நிறுத்தாது. மெயில் ஐடியைக் கேட்டு வாங்கும் நிறுவனத்துக்கு, அதைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பும் உண்டு என்பதைச் சட்டம் நடைமுறையில் காட்டும் வரை, டெலீட் பட்டனைத் தேய்த்துக்கொண்டிருக்கும் வேலை மக்கள் தலையில்தான்.