கூண்டில் யாரும் இல்லாத வழக்கு

சட்டத் தத்துவப் பேராசிரியர்கள் மீது எனக்கு ஒரே ஒரு புகார்தான். நிஜ வழக்கு இல்லாமலேயே அவர்களுக்குக் காலம் ஓடிவிடுகிறது.

அந்தத் துறையின் ரொம்பப் பிரபலமான வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1944, ஜெர்மனி. விடுப்பில் வந்த சிப்பாய் ஒருவன் வீட்டில் ஹிட்லரைத் திட்டுகிறான். அவனை ஒழித்துக்கட்டக் காத்திருந்த மனைவி போட்டுக்கொடுக்கிறாள். மரண தண்டனை. (பிறகு கொல்லாமல் போர்முனைக்கு அனுப்பினார்கள்.) 1949இல் அவள் கூண்டில் நிற்கிறாள். அன்றைய சட்டப்படி நான் செய்தது சரிதானே என்பது அவள் வாதம்.

ஆக்ஸ்ஃபோர்டின் எச்.எல்.ஏ. ஹார்ட்டும் ஹார்வர்டின் லான் ஃபுல்லரும் 1958இல் மோதிக்கொண்டபோது நடுவில் இருந்தது இந்த வழக்கு. அநீதியான சட்டமும் சட்டம்தான், கீழ்ப்படிவதா என்பது வேறு கேள்வி என்றார் ஹார்ட். நாஜிகளிடம் இருந்ததைச் சட்டம் என்றே சொல்லலாமா என்றார் ஃபுல்லர். நாஜிச் சட்டம் மனசாட்சிக்கு விரோதமானது, எனவே செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததாக இருவருமே நம்பினார்கள்.

பாம்பெர்க் நீதிமன்றம் அப்படிச் சொல்லவே இல்லை. சட்டத்தைத் தொடாமல், நீதிமன்றத்தையே ஆயுதமாக்கிக் கணவனின் சுதந்திரத்தைப் பறித்தாள் என்று அவளைத் தண்டித்தது. 1960இல் பாப்பே என்ற அறிஞர் இதைச் சுட்டிக்காட்டினார். ஹார்ட்டும் ஏற்றார். 1961இல் வந்த 'தி கான்செப்ட் ஆஃப் லா' நூலின் குறிப்புகளில், இதைக் கற்பனை வழக்காகக் கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு பக் ரிப்போர்ட் தப்பு என்று தெரிந்தால், நிஜமாக என்ன நடந்தது என்று லாக்கைத் தோண்டுவோம். இங்கே கற்பனையின்மேல் மாடி மாடியாகக் கட்டினார்கள். ஹார்ட் ஒன்றும் கோர்ட் பார்க்காதவர் அல்ல, லண்டனில் வக்கீலாக இருந்தவர். அதனால்தான் எரிச்சல் கூடுகிறது.

"தத்துவத்துக்குக் கற்பனை போதாதா? ஐன்ஸ்டைன் லிஃப்டைக் கற்பனை பண்ணலையா?" என்பார்கள். பண்ணினார். 1919 கிரகணத்தில் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். கற்பனை வழக்கில் இரண்டே கதவுகள்: சட்டம் செல்லும், செல்லாது. நிஜ நீதிபதிகள் மூன்றாவதாக ஒன்றைத் திறந்தார்கள். தத்துவவாதிகளில் பெரும்பாலோர் கோட்டைவிட்டது அதைத்தான்.

இதே கேள்வி 1976இல் நம் உச்ச நீதிமன்றத்துக்கு நிஜக் கைதிகளோடு வந்தது. ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கு. உயிர் வாழும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு கொடுத்ததா, அதற்கு முன்பே இருந்ததா? எமர்ஜென்சியில் அந்தப் பிரிவை முடக்கிவிட்டால், 'என்னை ஏன் பிடித்தீர்கள்' என்று கோர்ட்டில் கேட்கவும் முடியாதா? முடியாது என்றார்கள் ஐவரில் நால்வர். எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி அவருக்கு ஜூனியரிடம் போனது. அந்தத் தீர்ப்பு தவறென்று உச்ச நீதிமன்றமே சொல்ல 2017 ஆனது.

சட்டத் தத்துவம் நடத்துகிறவர்கள் முதல் வாரத்தில் ஜெர்மன் மனைவியை விட்டுவிட்டு, கன்னாவின் மாறுபட்ட தீர்ப்பை முழுசாக வாசிக்கக் கொடுக்கட்டும். ஹார்ட்டா ஃபுல்லரா என்பதை இரண்டாம் வாரம் வைத்துக்கொள்ளலாம்.