ஒரு சொல்லுக்கு இரு பிறப்பு

ஆங்கிலத்தில் 'டிமீன்' என்றொரு வினைச்சொல் உண்டு. இன்று அதனைக் கேட்டதும் 'இழிவுபடுத்துதல்' என்னும் பொருளே மனத்தில் தோன்றும். ஆயின் பழைய ஆங்கில நூலொன்றில், ஓர் இளைஞன் சபையில் கண்ணியமாகத் தன்னை 'டிமீன்' செய்துகொண்டான் என்று வந்தால் என் செய்வீர்கள்? 'இழிவுபடுத்திக்கொண்டான்' என மொழிபெயர்த்தால், புகழப்பட்டவன் பழிக்கப்பட்டவனாகி விடுவான். அங்கே அதன் பொருள் 'நடந்துகொண்டான்' என்பதே.

ஒரே சொல் இரு பொருள் பெற்றதன்று இது. பிறப்பில் வேறான இரு சொற்கள் ஒலியில் ஒன்றாயின.

மூத்தது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அதன் உள்ளுறுப்பாகிய 'மெனே' என்பதற்கு வழிநடத்துதல் என்று பொருள். இன்னும் பின்னே சென்றால் லத்தீனின் 'மினாரே': அதட்டி, மிரட்டிக் கால்நடைகளை ஓட்டுதல். அச்சுறுத்தலைக் குறிக்கும் 'மெனஸ்', உலாவுதலைக் குறிக்கும் 'ப்ராமினேட்' ஆகியனவும் இக்குடும்பத்தவையே. மாடு ஓட்டுபவனின் அதட்டல், மனிதன் தன்னைத் தானே செலுத்தும் ஒழுங்காக உயர்ந்துவிட்டது! அரபு பயின்றோர்க்கு இது வியப்பளிக்காது. ஆட்சியியலைக் குறிக்கும் 'சியாஸத்', குதிரையைப் பேணிப் பழக்கும் 'ஸாயிஸ்' என்பவனோடு ஒரே வேரில் பிறந்தது. நம் 'நடத்தை'யும் 'நடத்து' என்னும் வினைக்கு உறவன்றோ?

இளைய சொல் ஏறத்தாழ 1600இல் தோன்றியது. தரந்தாழ்த்துதலைக் குறிக்கும் 'டிபேஸ்' என்பதன் அச்சில், தாழ்ந்தது எனப் பொருள்படும் 'மீன்' என்பதன் முன் 'டி' சேர்த்து ஆக்கினர். (கணக்குப் பாடத்தில் சராசரியைக் குறிக்கும் 'மீன்' வேறு, அது நடு என்னும் பொருளுடைய லத்தீன் வேரினது.) இந்த 'மீன்' தொடக்கத்தில் எவ்விழிவும் உடையதன்று. 'எல்லார்க்கும் பொதுவானது' என்பதே அதன் பழம்பொருள். ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பான 'கெமைன்' இன்றும் பொதுமை, கீழ்மை இரண்டையும் சுமக்கிறது. எல்லார்க்கும் உரியது எவ்வாறு இழிந்ததாயிற்று? மேட்டில் நின்றவர்கள் சொற்களுக்குப் பொருள் வகுத்தால் அவ்வாறுதான் ஆகும் என்பது என் எண்ணம். 'பொதுமகளிர்' என்ற சொல்லில் 'பொது' அடைந்த கதியை நோக்கினால், நாமும் ஆங்கிலேயரைக் குறைகூற இயலாது.

இரு சொற்களும் கலந்த இடங்களும் உள. ஷேக்ஸ்பியரின் 'காமெடி ஆஃப் எரர்ஸ்' நாடகத்தில் ஓரிடத்தை இரு பொருளிலும் படிக்கலாம்.

மூத்த சொல் வினையாகப் பெரிதும் வழக்கொழிந்தது, பெயராக வாழ்கிறது. 'டிமீனர்' என்பது தோற்றத்திலும் பேச்சிலும் வெளிப்படும் நடத்தை. 'மிஸ்டிமீனர்' என்பது தவறான நடத்தை. சட்டத்தில், பெருங்குற்றத்தினும் சிறிய குற்றம். இவ்வேறுபாட்டை இங்கிலாந்து 1967இல் நீக்கியது. 1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்திலோ, அதிபரைப் பதவி நீக்குவதற்குரிய காரணங்களுள் இச்சொல் இன்றும் நிற்கிறது. 'இழிவு' என்னும் பொருளை இதனுள் தேடுவோர் ஏமாறுவர்.

பழைய நூல்களைப் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும்: அச்சொல்லோடு 'நன்கு', 'பணிவாக' போன்ற அடைமொழி வந்தால் அது பெரும்பாலும் மூத்த சொல், பிறரை 'டிமீன்' செய்தான் என வந்தால் பெரும்பாலும் இளையது.