கைடு படித்து ஷரீஅத்தைக் காக்க முடியுமா?

சகோதரர்களே! தக்கலையிலிருந்தும் குளச்சலிலிருந்தும் நெல்லை அரசு சட்டக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் முஸ்லிம் சட்டத்தை எதில் படிக்கிறார்கள்? தேர்வுக்கு முந்திய வாரம் வாங்கும் கைடில்! கைடு எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார்? பெரும்பாலும் முல்லாவைப் பார்த்து!

முல்லா என்றதும் ஆலிம் என்று எண்ணிவிடாதீர்கள். தின்ஷா ஃபர்துன்ஜி முல்லா பம்பாயைச் சேர்ந்த பார்சி வழக்கறிஞர். திறமைசாலிதான், குறை அவர் மீதல்ல. ஆங்கிலேயன் செய்துவைத்த ஏற்பாட்டைப் பாருங்கள்! அரபி ஹிதாயாவைப் பார்சீக மொழிக்கு மாற்றினார்கள். அந்தப் பார்சீகத்தை 1791இல் சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலமாக்கினார். நம் வழக்குகளுக்கு நீதிமன்றங்கள் ஆதாரமாகக் கொண்டது அதைத்தான்.

மூலநூலோ மதரஸாவில் இருக்கிறது. சட்ட மாணவன் அந்தப் பக்கம் வருவதில்லை. அதை ஓதிக்கொடுக்கும் ஆலிம் 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தைப் புரட்டுவதில்லை. 2017இல் முத்தலாக் தீர்ப்பு, 2019இல் சட்டம். மேடைதோறும் முழக்கம் எழுந்தது. தீர்ப்பைப் படித்தவர் எத்தனை பேர்?

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்களே மாறிவிட்டன. கொலைக்கு 302 போய் 103 வந்துவிட்டது. அண்ணனின் பழைய புத்தகம் தம்பிக்கு இனி உதவுமா?

வியாபாரப் பெருமக்களே! பள்ளிவாசலுக்கு விளக்கும் விசிறியும் தருகிறீர்கள், அல்லாஹ் கூலி தருவான். முல்லா, ஃபைஸி, புதிய மூன்று சட்டங்கள், இவற்றையும் ஜமாஅத்துக்கு ஒரு செட் வாங்கித் தாருங்கள். வாரம் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு ஆலிமும் சட்ட மாணவனும் அவற்றை வைத்து ஒன்றாக உட்காரட்டும். நம் வழக்கை நாம் படிக்காமல் வேறு யார் படிப்பார்கள்? சிந்தியுங்கள்!