நன்றாகப் பேசுகிறார் என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

பைக்கிலிருந்து விழுந்தவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். நெற்றியில் நாலு தையல், ஒரு டிடி ஊசி, வலிக்கு மாத்திரை. ‘நல்லாத்தானே பேசுறாரு, கூட்டிட்டுப் போங்க’ என்று அனுப்பிவிடுகிறார்கள். இரவில் இரண்டு முறை வாந்தி வருகிறது. அலைச்சல், தூங்கட்டும் என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். காலையில் எழுப்பினால் எழவில்லை. இப்படிப்பட்ட சாவுகளை விதி என்று சொல்லிக் கடந்துபோவதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பொட்டுப் பகுதியில் மண்டை எலும்பு மெல்லியது. அது விரிசல் விட்டால் உள்ளே ஒட்டி ஓடும் தமனி கிழியலாம். எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் சேரும். அது மூளையை நெரிக்கத் தொடங்கும் வரை அடிபட்டவர் தெளிவாகப் பேசுவார், நடப்பார். 2009-ல் கனடாவில் பனிச்சறுக்கின்போது விழுந்த நடிகை நடாஷா ரிச்சர்ட்சன், தனக்கு ஒன்றுமில்லை என்று முதலில் சிகிச்சையை மறுத்தார். இரண்டே நாளில் இறந்தார். காலத்தோடு ரத்தக்கட்டை அகற்றினால் பெரும்பாலும் பிழைக்கக்கூடிய காயம் இது என்பதுதான் நெஞ்சு பொறுக்காத விஷயம்.

முதியவர்களுக்கு ஆபத்து வேறு வழியில் வருகிறது. மூளையின் மேலுள்ள சிரையிலிருந்து ரத்தம் மெல்லக் கசியும். குளியலறையில் வழுக்கி விழுந்து சில வாரங்கள் கழித்து நடை தள்ளாடும், பேச்சு குழறும். வயதாகிவிட்டது என்று குடும்பமே ஒதுக்கிவிடுகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். இவை தவிர, எந்த வயதிலும் மூளை நரம்பிழைகள் அறுந்துபோகும் காயம் நேரலாம்; அதில் சிடி ஸ்கேன்கூட இயல்பாகத் தெரியலாம்.

எல்லாவற்றையும்விட வெட்கக்கேடு, மது வாடை அடித்தால் நடப்பது. போதை தெளியட்டும் என்று மூலையில் கிடத்திவிடுகிறார்கள். குடித்தவனின் மண்டைக்குள்ளும் ரத்தம் கசியும். மூளையில் காயமில்லை என்று உறுதிசெய்யாமல் மயக்கத்துக்குப் போதையைக் காரணம் காட்டுவது கடமை தவறிய செயல்.

பணமில்லை என்றும் சொல்ல முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தமிழ்நாடு அரசு ஏற்கிறது. வசதியில்லை என்றும் சொல்ல முடியாது. நினைவு நிலையை 3 முதல் 15 வரை மதிப்பிடும் கிளாஸ்கோ அளவுகோல் 1974-லேயே வந்துவிட்டது. கண் திறக்கிறாரா, என்ன பேசுகிறார், கைகால் எப்படி அசைகிறது என்று பார்ப்பதற்குக் கருவிகூட வேண்டாம்.

ஆகவே சுகாதாரத் துறை உடனே ஆணையிட வேண்டும். தலையில் அடிபட்டு வரும் ஒவ்வொருவரின் கிளாஸ்கோ மதிப்பெண்ணையும் நேரத்தோடு சீட்டில் எழுத வேண்டும். ஒரே முறை எழுதி நிறுத்தாமல் திரும்பத் திரும்பப் பார்த்து எழுத வேண்டும். மதிப்பெண் குறைந்தால் ஸ்கேன் தாமதமாகக் கூடாது. வீட்டுக்கு அனுப்பும்போது அபாய அறிகுறிகளைத் தமிழில் அச்சடித்துக் கையில் தர வேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கும் இதில் விலக்கு கூடாது.

வாசகர்களுக்கும் ஒன்று. அடிபட்டவருக்குத் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போன்ற ஒழுக்கு என எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.