போர்ட் செத்துப்போச்சு என்று யார் சொன்னது?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொள்ள, நாடு முழுக்க கரண்ட் போனது. நாமெல்லாம் மீம் போட்டுச் சிரித்தோம். அந்த நேரம் பார்த்து யாராவது பயோஸ் அப்டேட் போட்டுக்கொண்டிருந்தால் அவருக்குச் சிரிப்பு வந்திருக்காது.

பயோஸ் என்பது கொம்பியூட்டர் எழும்பியதும் ஓடுகிற முதல் புரோகிராம். மதர்போர்டில் இருக்கிற ஒரு சின்ன சிப்பில், பெரும்பாலும் எட்டுக் கால் சிப்பில், அது இருக்கும். அப்டேட் பண்ணும்போது பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதும். நடுவில் கரண்ட் போனால் அரைகுறைதான். ஃபேன் சுத்தும், ஸ்கிரீன் கறுப்பு.

கண்டி டவுனில் கொண்டுபோய்க் காட்டினால் அநேகமாக வரும் பதில்: "போர்ட் போச்சு தம்பி, புதுசு போடுங்க." பழைய மொடல் என்றால் அதே சொக்கட்டில் புது போர்ட் கிடைக்காது. பிறகு புரொசசர், ரேம் எல்லாம் மாத்த வேணும். கம்பளையிலிருந்தோ புசல்லாவையிலிருந்தோ வருகிற ஒரு மாணவிக்கு அதோடு படிப்பும் நிற்கலாம்.

என்னைக் கேட்டால் அது அவசரத் தீர்ப்பு. போர்டில் எதுவும் எரியவில்லை. எழுத்து அழிந்திருக்கிறது, அவ்வளவுதான். திரும்ப எழுதலாம்.

முதலில் மெனுவலைப் பாருங்கள். சில போர்ட்களில் பென்டிரைவ் குத்தி, ஒரு பட்டனை அமத்தினாலே பயோஸ் திரும்பி வரும். சிலதில் இரண்டாவது பயோஸ் சிப்பே இருக்கும். இரண்டும் இல்லையா? சிஎச்341ஏ என்ற சின்ன புரோகிராமரும் ஒரு கிளிப்பும் போதும். பவரைக் கழற்றி, சிப்பின் நம்பரைப் பார்த்து வோல்டேஜை உறுதிப்படுத்துங்கள், 1.8 வோல்ட் சிப்புக்குத் தனி அடாப்டர் வேணும். எழுத முதல், சிப்பில் இருப்பதை இரண்டு தரம் ரீட் பண்ணி, இரண்டும் ஒன்றா என்று பார்த்து சேவ் பண்ணுங்கள். சீரியல் நம்பர் போன்றவை அதற்குள்தான் இருக்கும். பிறகு அதே மொடல், அதே ரிவிஷன் ஃபைலை எழுதி, வெரிஃபை பண்ணுங்கள்.

கடை அண்ணாமாரைக் குறை சொல்லவில்லை. இதற்கு நேரம் போகும், சிலவேளை சரிவராமலும் போகும். அந்த உழைப்புக்கு நாம் காசு கொடுக்கத்தான் வேணும். ஆனால் புது போர்டுக்குக் காசு எண்ண முதல் ஒரு கேள்வி கேளுங்கள்:

"அண்ணா, பயோஸ் சிப்பை ரீட் பண்ணிப் பார்த்தீங்களா?"