டெங்கு ஒழிப்பில் அரைவேலை ஆகாது

2024ஆம் ஆண்டில் உலகெங்கும் 1 கோடியே 40 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு டெங்குக் காய்ச்சல் கண்டதாகக் கணக்கு வந்தது. அதற்கு முன் எந்த ஆண்டிலும் இத்தனை பேர் பதிவானதில்லை. பிரேசிலில் மட்டும் 60 லட்சத்துக்கு மேல். அதே பிரேசிலில்தான், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அடியோடு ஒழிந்துவிட்டதாக 1958இல் அறிவிக்கப்பட்டது. ஒழிந்த கொசு திரும்பி வந்தது எப்படி?

மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவதும் இதே கொசுதான். ஆகவே அதை ஒழித்துவிடுவதென்று அமெரிக்கக் கண்டத்து நாடுகள் 1947இல் கூடி முடிவு செய்தன. வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டிகள் சோதிக்கப்பட்டன; டி.டி.டி. தெளிக்கப்பட்டது. 1962க்குள் 18 நாடுகள் வெற்றி கண்டன. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடு 1964இல்தான் தன் பங்கைத் தொடங்கியது. அதையும் முடிக்காமல் கைவிட்டது. வெனிசுவேலாவிலும் சில கரிபியன் தீவுகளிலும் கூட வேலை முற்றுப்பெறவில்லை. வென்ற நாடுகளோ கண்காணிப்பைத் தளர்த்தின. இந்தக் கொசுவின் முட்டை ஈரமின்றிப் பல மாதம் உயிரோடு கிடக்கும். கப்பலேறி எங்கும் போகும். விளைவு? 1981இல் கியூபாவில் மட்டும் 3 லட்சத்து 44 ஆயிரம் பேர் நோயுற்றனர். 158 பேர் மாண்டனர். பக்கத்து வீட்டில் அரைகுறையாக நின்ற வேலை, சுத்தமாயிருந்த வீட்டையும் கெடுத்தது.

கொசு தானாகப் பறப்பது சில நூறு மீட்டர்தான். நோய்க் கிருமியை நாடு விட்டு நாடு கொண்டு செல்வது பெரும்பாலும் மனிதனே. எனவே ஒரு நாட்டில் நோய் தலைகாட்டியதும் மற்ற நாடுகளுக்குச் செய்தி எட்ட வேண்டும். மருந்தும் ஆராய்ச்சியும் பகிரப்பட வேண்டும். இதற்கு நல்ல முன்மாதிரிகள் இல்லாமலில்லை. தென்கிழக்கு ஆசிய நாடுகள் 2011 முதல் ஜூன் 15ஆம் தேதியை டெங்கு தினமாகக் கடைப்பிடிக்கின்றன. அமெரிக்க அரசின் ஆய்வு நிலையம் வலுக்குறைத்த கிருமிகளைக் கொண்டு பிரேசிலில் தயாரான தடுப்பூசிக்கு 2025 நவம்பரில் அந்நாடு அனுமதி அளித்தது. அதே கிருமிகளைக் கொண்டு இந்தியாவில் தயாரான ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

ஆனால் பணம் என்று வரும்போது கை சுருங்குகிறது. டெங்குவையும் அதுபோன்ற நோய்களையும் எதிர்க்க 2024 அக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனம் கேட்ட தொகை ஐந்தரைக் கோடி டாலர். ஒரு நவீனப் போர் விமானத்தின் விலைக்கும் இது குறைவு. 2025 ஜனவரியிலோ, அந்த ஸ்தாபனத்திலிருந்தே விலகுவதாக அமெரிக்கா அறிவித்தது. 1960களின் பிழையை உலகம் மீண்டும் செய்யலாகாது.

இந்தியாவுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 2023இல் இங்கு சுமார் 2 லட்சத்து 89 ஆயிரம் பேர் டெங்குவால் பாதிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. சர்வதேச மாநாடுகளில் பேசப்படும் திட்டமெல்லாம் கடைசியில் வந்து சேருமிடம் மும்பைச் சாலின் வாசலில் நிற்கும் தண்ணீர் டிரம்தான். இந்தக் கொசு வளர்வது சாக்கடையில் அல்ல, நல்ல தண்ணீரில். குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வரும் இடத்தில் டிரம் இருக்கத்தான் செய்யும். டிரம் வைத்த ஏழையைக் குறை கூறுவதை விட, குழாயில் தண்ணீர் வரச் செய்வதே சரியான கொசு ஒழிப்பு. கட்டட வேலை நடக்கும் இடங்களில் தேங்கும் தண்ணீருக்குக் காண்டிராக்டரைப் பொறுப்பாக்க வேண்டும். காய்ச்சலில் படுத்த தொழிலாளிக்கு அந்த நாட்களின் கூலி கிடைக்க வழி செய்ய வேண்டும். கூலி போய்விடும் என்று அஞ்சுபவன் வைத்தியரிடம் போவதில்லை.

தனியாக இருந்து வேலை செய்வோர் காய்ச்சல் கண்டதும் ஊருக்கு ரயிலேறிவிடுவது உண்டு; இங்கே கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை என்பதே காரணம். அது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் டெங்குவில் ஆபத்து மிகுந்த நேரம், காய்ச்சல் தணியும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை. மும்பையிலிருந்து நாகர்கோவில் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேலாகும். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு ஆகியவை ஓடும் ரயிலில் தோன்றினால் கதி என்ன? முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகுதான் பயணம். வைத்தியரைக் கேட்காமல் ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளை விழுங்கவே கூடாது.

முட்டை கொசுவாகப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வாரம் ஒரு நாள் டிரம்மைக் காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, இறுக மூடினால் அது வளர வழியில்லை. ஒரு வீடு தவறினாலும் சால் முழுவதற்கும் ஆபத்து. நாடுகளுக்குச் சொல்லப்படும் அறிவுரையும் இதுவே: தொடங்கிய வேலையை எல்லோரும் சேர்ந்து முடிக்க வேண்டும், முடிந்த பின்பும் கண்ணயரக் கூடாது.