ஊருக்கு ஒரே ஜும்ஆ: சாத்தியமா, தேவையா?

நம் கடற்கரைப் பட்டினங்களில் 'குத்பா பள்ளி' என்று ஒரு சொல் உண்டு. தெருவுக்குத் தெரு பள்ளிவாசல் இருக்கும், ஐந்து வேளையும் தொழுகை நடக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் கத்தீபு மிம்பரில் ஏறி குத்பா ஓதுவது ஒன்றிரண்டு பள்ளிகளில் மட்டும்தான் என்று இருந்தது. காயல்பட்டினத்தில் குத்பா பெரிய பள்ளி, குத்பா சிறிய பள்ளி என்று பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பட்டினங்களின் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். ஊருக்கு ஒரு ஜும்ஆ, இடம் போதாவிட்டால் மட்டுமே இன்னொன்று என்பது அந்த மத்ஹபின் நிலை.

இன்று புதிது புதிதாக ஜும்ஆக்கள் தொடங்கப்படுகின்றன. சிலவற்றுக்கு இட நெருக்கடி காரணம். சிலவற்றுக்கு மனத்தாங்கல் காரணம்! உடனே ஒரு தரப்பு, "பழையபடி ஊருக்கு ஒரே ஜும்ஆ ஆக்குங்கள், ஒற்றுமை தானாக வரும்" என்கிறது. மறு தரப்பு, "அல்லாஹ்வைத் தொழ யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?" என்கிறது. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், ஒரே ஜும்ஆ என்பது வெறும் கற்பனை அல்ல. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவின் பல குடியிருப்புகளில் பள்ளிகள் இருந்தும், ஜும்ஆ மஸ்ஜிதுந் நபவியில் மட்டும்தான் நடந்தது. வாரம் ஒருமுறை ஊர் முழுவதும் முகம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் உயிர்.

ஆனால் ஊர் பெரிதானபோது என்ன ஆயிற்று? பாக்தாதைப் பாருங்கள். டைகிரிஸ் ஆற்றின் மேற்குக் கரையில் ஒரு ஜாமிஆ பள்ளி, கிழக்குக் கரை ருஸாஃபாவில் இன்னொன்று. ஹாரூன் அர்ரஷீத் காலத்துத் தலைமை நீதிபதி இமாம் அபூயூசுஃப், நடுவே பெரிய ஆறு ஓடினால் இரு கரையும் இரண்டு ஊர் போல என்று கருதியவர். வெள்ளிக்கிழமைகளில் பாலத்தைத் துண்டித்துவிடச் சொல்வார் என்று ஹனஃபி நூல்களில் வருகிறது. அங்கே இருந்தவை படகுகளைக் கட்டி அமைத்த பாலங்கள் என்பதால் அது முடியும். சட்டத்தையும் காப்பாற்ற வேண்டும், மக்களையும் சிரமப்படுத்தக் கூடாது. படிக்கும்போது சிரிப்பு வந்தாலும் அந்த அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது. இமாம் ஷாபிஈ அவர்களும் பாக்தாதுக்கு வந்து, ஒன்றுக்கு மேற்பட்ட ஜும்ஆ நடப்பதைக் கண்டும் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்பதில்தான் பின்னால் வந்த அறிஞர்களுக்குள் விவாதம்.

கெய்ரோவின் கதை இன்னும் முக்கியமானது. 1171ல் ஸலாஹுத்தீன் ஐயூபி ஃபாத்திமிய ஆட்சியை முடித்துவைத்தார். அவருடைய ஷாபிஈ நீதிபதி இப்னு திர்பாஸ், ஒரு நகரில் இரண்டு குத்பா கூடாது என்று அல்அஸ்ஹரில் ஜும்ஆவை நிறுத்தினார். பரப்பில் பெரியது என்பதால் அல்ஹாகிம் பள்ளிக்கு அந்த இடம் கிடைத்தது. சட்டம் சரிதான். ஆனால் அல்அஸ்ஹர் யாருடைய பள்ளி? வீழ்ந்த ஃபாத்திமியரின் அறிவு மையம். குத்பாவில் யார் பெயர் சொல்லப்படுகிறதோ அவருக்கே ஆட்சி என்றிருந்த காலம் அது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அங்கே ஜும்ஆ இல்லை. சுல்தான் பைபர்ஸ் 1265ல் நான்கு மத்ஹபுகளுக்கும் தனித்தனித் தலைமை நீதிபதிகளை அமர்த்தினார். அடுத்த ஆண்டே, 1266ல், அல்அஸ்ஹரின் மிம்பர் மீண்டும் பேசியது.

இதிலிருந்து எனக்குப் புரிவது: 'ஒன்றே ஒன்று' என்று சொன்னவுடன் 'எந்த ஒன்று?' என்ற கேள்வி கூடவே வந்துவிடும். யாருடைய மிம்பர், யார் நிர்வாகம், கத்தீபை யார் நியமிப்பது? ஒற்றை ஜும்ஆ கேட்பவர்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை. தங்கள் பள்ளிதான் அந்த ஒன்று என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். அதற்குப் பெயர் ஒற்றுமையா?

பெருநகரங்களில் இந்தப் பேச்சே பொருந்தாது. குர்கானில் பள்ளிகள் போதாமல் திறந்தவெளிகளில் ஜும்ஆ தொழுதார்கள். எதிர்ப்புகள் கிளம்ப, 2018ல் 37 இடங்கள் குறிக்கப்பட்டன. 2021ல் அவற்றிலும் சில ரத்தாயின. மதிய இடைவேளையில் ஓடி வரும் கூலித் தொழிலாளியிடம் போய் "நகரத்துக்கு ஒரே ஜும்ஆ" என்றால், ஜும்ஆவே வேண்டாம் என்று சொன்னதாகத்தான் ஆகும்.

சரி, அப்படியானால் யார் வேண்டுமானாலும் தொடங்கலாமா? அங்கேதான் அடுத்த தரப்போடு முரண்படுகிறேன். பழைய பள்ளியில் பாதி ஸஃப்புகள் காலியாகக் கிடக்க, நிர்வாகத் தேர்தலில் தோற்றவர்கள் இரண்டு தெரு தள்ளி மிம்பர் போடுவதற்கு எந்த மத்ஹபிலும் ஊக்கம் கிடையாது. ஹனஃபி அறிஞர்களில் பலர் ஒரே ஊரில் பல ஜும்ஆக்களை அனுமதித்தது மக்களின் சிரமத்தை நீக்கத்தான். ஷாபிஈகளிடமோ விளைவே வேறு. தேவையின்றிப் பல இடங்களில் நடந்தால் முதலில் தக்பீர் கட்டிய ஜும்ஆதான் செல்லும். எது முந்தியது என்று தெரியாவிட்டால் லுஹரையும் தொழ வேண்டும். நாலு பேரின் கோபத்துக்காக ஊரே சந்தேகத்தோடு இரண்டு தொழுகை தொழுவதா?

என் யோசனை சாதாரணமானது. புது ஜும்ஆ கேட்டால், ஊர் ஜமாஅத் அடுத்தடுத்து நான்கு வெள்ளிக்கிழமைகள் பழைய பள்ளியில் தலைகளை எண்ணட்டும். மாடியும் வெளித்திண்ணையும் நிறைந்து ஆட்கள் வெயிலில் நின்றால், ஜமாஅத்தே முன்வந்து இரண்டாவது இடத்தைத் திறக்கட்டும், கத்தீபையும் அனுப்பட்டும். இடம் மீதியிருந்தால், கேட்டவர்களை உட்காரவைத்து அவர்களின் குறை என்ன என்று கேட்கட்டும். பல ஊர்களில் அந்தக் குறை, கணக்கு வழக்கைக் காட்டாத நிர்வாகமாகத்தான் இருக்கும்.